உடலுக்குள் சிலிக்கோன்: பெயர் ஒன்று, பொருள்கள் பல

2018ஆம் ஆண்டு பிப்ரவரியில், சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு மார்பக உள்வைப்பு அறுவைச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. அதுவரை புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்களுக்கான சீரமைப்புக்கே முதன்மை தரப்பட்டு வந்த இச்சிகிச்சை, தோற்றச் சீரமைப்புக்கும் விரிவாக்கப்பட்டது. அரசு தராவிட்டால் ஏழைகள் கடன் வாங்குவார்கள், அல்லது ஆபத்தான வழிகளை நாடுவார்கள் என்று அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் விளக்கம் அளித்தார். தொற்றுநோய்கள் முன்னிற்கும் மாநிலத்தில் இதற்குப் பணம் செலவிடலாமா என்று பொதுச் சுகாதாரத் துறையினர் சிலர் மறுப்புத் தெரிவித்தனர்.

அன்றைய விவாதம் பெரும்பாலும் பணத்தைப் பற்றியதாக இருந்தது. நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் இன்றும் இருக்கும் ஐயமோ வேறு: "சிலிகானை உடம்புக்குள் வைக்கலாமா? அது விஷமாகாதா? புற்றுநோய் வராதா?" மார்பக உள்வைப்புக்கு மட்டுமன்றி, சிறுநீர்க் குழாய், கண்ணுக்குள் செலுத்தும் எண்ணெய், வயிற்றுவழிக் குருதிச் சுத்திகரிப்புக் குழாய் ஆகியவற்றுக்கும் இந்த ஐயம் பொருந்தும். அதற்கான விடையை, அப்பொருளின் வேதி அமைப்பிலிருந்து தொடங்கி இக்கட்டுரை விளக்குகிறது.

சுருக்கமாக:

• சிலிக்கோன் என்பது ஒரே பொருள் அன்று. ஒரே வேதிச் சங்கிலியிலிருந்து உருவாகும் எண்ணெய், கூழ், இரப்பர், பசை ஆகிய பல பொருள்களின் பொதுப்பெயர்.
• அது பாதுகாப்பானதா என்பதை வடிவம், தூய்மை, உடலில் வைக்கும் இடம், வைத்திருக்கும் காலம் ஆகிய நான்கும் முடிவு செய்கின்றன.
• உடலை வடிவமைப்பதற்காகத் திரவச் சிலிக்கோனை ஊசி மூலம் செலுத்துவது உயிருக்கு ஆபத்தானது. அதை எவரிடமும் செய்துகொள்ள வேண்டாம்.

பெயரால் வரும் குழப்பம்

தமிழ்ப் பேச்சு வழக்கில் "சிலிகான்" என்ற ஒரே சொல் குறைந்தது இரண்டு பொருள்களைக் குறிக்கிறது. கணினிச் சில்லுகளில் பயன்படும் தனிமம் ஒன்று. பள்ளி வேதியியல் பாடநூல் இதைச் சிலிக்கன் என்கிறது. அத்தனிமத்துடன் ஆக்சிஜனும் கார்பன் தொகுதிகளும் சேர்ந்து உருவாகும் பலபடி மற்றொன்று; அதன் பெயர் சிலிக்கோன். ஒலியில் இவற்றை ஒத்த மூன்றாவது பொருள் சிலிக்கா. அது மணலிலும் கருங்கல்லிலும் உள்ள சிலிக்கன் ஆக்சைடு.

இவற்றைப் பிரித்தறிவது வடசென்னைத் தொழிற்பகுதியில் மிகவும் தேவையாகிறது. டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரையுள்ள தொழிற்கூடங்களில் வார்ப்படம், மணல் பீய்ச்சித் துருவகற்றல், கல் அறுத்தல் போன்ற வேலைகளைச் செய்வோர் சுவாசிக்க நேரும் படிகச் சிலிக்காத் தூசு நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். அந்த நோய் சிலிக்கோசிஸ் எனப்படும். அது அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய். சிலிக்கோன் குழாயோ உள்வைப்போ சிலிக்கோசிஸை உண்டாக்காது. அதேபோல், தூசு நிறைந்த பணியிடத்தில் வேலை செய்பவருக்குத் தொடர்ந்து இருமலும் மூச்சுத்திணறலும் இருந்தால் "சிலிகான் ஒன்றும் செய்யாது" என்று எண்ணி இருந்துவிடவும் கூடாது.

மணலிலிருந்து பலபடி வரை

சிலிக்கோனின் மூலப்பொருள் மணல்தான். மணலிலுள்ள சிலிக்காவை மின் உலையில் கரியுடன் சேர்த்துச் சூடாக்கினால் ஆக்சிஜன் நீங்கிச் சிலிக்கன் கிடைக்கிறது. அதன் தூளை, தாமிரம் வினையூக்கியாக இருக்க, மீத்தைல் குளோரைடு வாயுவுடன் சூடாக்குகிறார்கள். கிடைக்கும் திரவத்தைத் தூய்மைப்படுத்தி நீருடன் வினைப்படுத்தும்போது, சிலிக்கன், ஆக்சிஜன், சிலிக்கன், ஆக்சிஜன் என மாறி மாறிக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி உருவாகிறது. ஒவ்வொரு சிலிக்கன் அணுவிலும் இரண்டு மீத்தைல் தொகுதிகள் வெளிப்புறமாக நிற்கின்றன. பிரெடரிக் கிப்பிங் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வகைப் பொருள்களுக்குச் சிலிக்கோன் என்று பெயரிட்டார். 1940களில் இவை தொழிற்சாலை உற்பத்திக்கு வந்தன.

மருத்துவப் பயன்கள் அனைத்தும் இந்த அமைப்பிலிருந்தே வருகின்றன.

முதலாவது, சிலிக்கனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு, சாதாரண நெகிழிகளில் உள்ள கார்பன் பிணைப்பைவிட வலியது. ஆகவே சிலிக்கோன் இரப்பரை மருத்துவமனைகளில் 121 அல்லது 134 டிகிரி செல்சியஸ் நீராவியில் கிருமி நீக்கம் செய்ய இயலும்.

இரண்டாவது, அந்தச் சங்கிலி எளிதில் வளைந்து சுழலக்கூடியது. எனவே அதில் மென்மைக்காகத் தனி வேதிப்பொருள் சேர்க்க வேண்டியதில்லை. பி.வி.சி. குழாய்களில் சேர்க்கப்படும் மென்மையூட்டிகள் நாளடைவில் வெளியே கசியக்கூடும். சிலிக்கோன் குழாயில் அந்தச் சிக்கல் இல்லை.

மூன்றாவது, வெளிப்புறத்தில் நிற்கும் மீத்தைல் தொகுதிகள் நீரை விலக்குகின்றன. உடல் திரவங்கள் அதன் மேற்பரப்பில் எளிதில் ஒட்டுவதில்லை; நொதிகளும் சங்கிலியை உடைப்பதில்லை.

நான்காவது, சங்கிலிகளுக்கு இடையே நிறைய இடைவெளி இருப்பதால் வாயுக்களும் நீராவியும் ஊடுருவிச் செல்லும். ஆக்சிஜன் கண்ணைச் சென்றடைய வேண்டிய தொடுவில்லைகளில் இப்பண்பு நன்மை தருகிறது. சிறுநீர்க் குழாயின் நுனியிலுள்ள பலூனில் இதே பண்பு சிறு தொல்லையாகிறது. அதைப் பின்னர் காண்போம்.

சங்கிலி ஒன்று, வடிவங்கள் நான்கு

சங்கிலி குறுகியதாக இருந்தால் சிலிக்கோன் நீர்போல ஓடும். நீண்டால் தேன்போல் கெட்டியாகும். இவை எண்ணெய் வகைகள். சங்கிலிகளுக்கு இடையே ஆங்காங்கே சில குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்தினால் கூழாகும். குறுக்குப் பிணைப்புகளை மிகுதியாக்கி, வலுவூட்டியும் சேர்த்தால் இழுத்தாலும் பழைய வடிவுக்குத் திரும்பும் இரப்பராகும். நான்காவது வடிவம், காற்றிலுள்ள ஈரத்தால் இறுகும் பசை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் இரும்புச் சாமான் கடைகளில் கண்ணாடியும் குளியலறைத் தொட்டியும் ஒட்ட விற்கப்படுவது இதுவே. இப்பசைகளில் ஒரு வகை இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுவதால்தான் வினிகர் மணம் வீசுகிறது. சிலவற்றில் பூஞ்சைக் கொல்லியும் கரைப்பானும் சேர்க்கப்பட்டிருக்கும்.

குழந்தைகளின் வயிற்று வாயுவுக்குத் தரப்படும் சொட்டு மருந்திலுள்ள சிமெத்திக்கோனும் சிலிக்கோன் எண்ணெயிலிருந்து செய்யப்பட்டதே. அது குடலில் உறிஞ்சப்படாமல் மலத்துடன் வெளியேறிவிடுகிறது. சொட்டு மருந்துக்கும் கடைப் பசைக்கும் சங்கிலி ஒன்றே. தூய்மையிலும், உடன் சேர்க்கப்பட்ட பொருள்களிலும், உடலில் செல்லும் வழியிலும் இரண்டும் முற்றிலும் வேறு. "சிலிகான் நல்லதா, கெட்டதா" என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை தர இயலாமைக்குக் காரணம் இதுவே.

மார்பக உள்வைப்பு: உலகச் செய்திகள் கற்பித்தவை

சிலிக்கோன் மார்பக உள்வைப்பு முதன்முதலில் 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பொருத்தப்பட்டது. சிலிக்கோன் இரப்பர் உறைக்குள் சிலிக்கோன் கூழ் நிரப்பப்பட்டிருப்பதே அதன் அமைப்பு. அதன் பின்னர் எழுந்த மூன்று நிகழ்வுகளை அறிந்தால் இன்றைய நிலை தெளிவாகும்.

முதலாவது, பாதுகாப்புச் சான்றுகள் போதாமையால் 1992இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கூழ் உள்வைப்புகளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. மூட்டுவாதம் போன்ற உடல் முழுவதையும் தாக்கும் நோய்கள் இவற்றால் வருகின்றன என்று ஆயிரக்கணக்கானோர் வழக்குத் தொடுத்தனர். 1999இல் அந்நாட்டு மருத்துவ நிறுவனத்தின் வல்லுநர் குழு, அத்தகைய நோய்களை உள்வைப்பு உண்டாக்குவதற்குச் சான்று இல்லை என்று கூறியது. ஆனால் உறை கிழிதல், சுற்றியுள்ள தழும்புத் திசு இறுகுதல், மறு அறுவை தேவைப்படுதல் ஆகிய உள்ளூர்ச் சிக்கல்கள் உண்மையானவை, அவை அடிக்கடி நேர்பவை என்பதையும் அது உறுதி செய்தது. 2006 நவம்பரில் கூழ் உள்வைப்புகள் அங்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டன.

இரண்டாவது, பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரத்துக்கு அனுமதி பெற்றுவிட்டு, தொழிற்சாலைத் தரச் சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010இல் வெளிப்பட்டது. சங்கிலியாக இணையாமல் வளையங்களாக எஞ்சும் சிறு மூலக்கூறுகள் அக்கூழில் மிகுதியாக இருந்தன. மருத்துவத் தரத் தயாரிப்பில் அவை கூடியவரை நீக்கப்படும். 2012இல் பிரிட்டன் வல்லுநர் குழு அந்த உள்வைப்புகளை ஆராய்ந்து, அவை நச்சுத்தன்மையாலோ புற்றுநோயாலோ தீங்கு செய்ததாகக் காணவில்லை. ஆனால் மற்றவற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு கிழியும் வாய்ப்புடையவை என்றது. நிறுவனத்தின் தலைவருக்கு 2013 டிசம்பரில் 4 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பெட்டியின் மேல் எழுதியுள்ள பெயர் மட்டும் போதாது, உள்ளே இருப்பதன் தரத்தை அரசு தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்பதே இந்நிகழ்வின் பாடம்.

மூன்றாவது, சொரசொரப்பான உறை கொண்ட உள்வைப்புகளைச் சுற்றி ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவது உறுதிசெய்யப்பட்டது. இது மார்பகப் புற்றுநோய் அன்று. 2019 ஜூலை 24 அன்று, அதுவரை உலகளவில் 573 பேருக்கு இந்நோயும் அவர்களுள் 33 பேரின் இறப்பும் பதிவாகியிருந்த நிலையில், அல்லர்கான் நிறுவனம் தன் பயோசெல் வகை உள்வைப்புகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இங்கே சிக்கலுக்குக் காரணம் சிலிக்கோன் என்ற பொருள் மட்டும் அன்று. உறையின் மேற்பரப்பு அமைப்பும் சேர்ந்தது. அறிகுறி இல்லாதவர்கள் அச்சத்தால் உள்வைப்பை அகற்றிக்கொள்ளத் தேவையில்லை என்பதே அந்நாட்டு அமைப்பின் பரிந்துரை. பொருத்திப் பல ஆண்டுகளுக்குப் பின் மார்பகம் திடீரென வீங்கினாலோ, கட்டி அல்லது நீடித்த வலி தோன்றினாலோ காலம் தாழ்த்தாமல் காட்ட வேண்டும்.

2021 அக்டோபரில் அமெரிக்காவில் உள்வைப்புகளுக்குக் கட்டமிட்ட எச்சரிக்கை கட்டாயமாக்கப்பட்டது. உள்வைப்பு வாழ்நாள் முழுவதற்குமான சாதனம் அன்று என்பது அதன் முதற்கூற்று. கூழ் உள்வைப்பு வெளியே தெரியாமலும் கிழியலாம். ஆகவே, பொருத்திய 5 அல்லது 6 ஆண்டுகளில் ஒருமுறையும், அதன்பின் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது.

மார்பகச் சீரமைப்பின் முதற்கட்டமாகத் தோலை விரிக்கும் பை பொருத்தப்பட்டவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சில பைகளின் நீரேற்றும் வாயிலில் காந்தம் உண்டு. அவை உடலில் இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது. எந்தப் பரிசோதனைக்கு முன்பும் உங்கள் சாதனத்தின் விவரத்தைப் பரிசோதனைக் கூடத்தில் தெரிவியுங்கள்.

ஊசி வழிச் சிலிக்கோன்: எந்நிலையிலும் வேண்டாம்

உறைக்குள் இருக்கும் கூழும், உறையின்றித் தசைக்குள் செலுத்தப்படும் திரவமும் ஒன்றல்ல. மார்பு, இடுப்பு, பிட்டம், முகம் ஆகியவற்றைக் குறைந்த செலவில் நிரப்பித் தருவதாகக் கூறிச் சிலர் திரவச் சிலிக்கோனை ஊசியில் செலுத்துகின்றனர். திருநங்கையரே இவ்வலையில் மிகுதியாகச் சிக்க வைக்கப்படுகின்றனர் என்பது உலகெங்கும் காணப்படும் நிலை.

திரவத்துக்கு எல்லை இல்லை. ஊசி முனை இரத்தக் குழாயைத் தொட்டுவிட்டால் எண்ணெய்த் துளிகள் நுரையீரலுக்கும் மூளைக்கும் சென்று அடைப்பை உண்டாக்கும். சில மணி நேரத்தில் மூச்சுத்திணறலும் பக்கவாதமும் மரணமும் நேரலாம். அப்போது தப்பியவர்களுக்கும் மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்துக் கட்டிகள், புண்கள், நிறமாற்றம், திரவம் வேறு இடங்களுக்கு நகர்தல் ஆகியவை ஏற்படும். திசுக்களுக்குள் பரவிய திரவத்தை முழுவதுமாக வெளியே எடுக்க இயலாது. பலமுறை கடைப்பசைக்கும் இயந்திரங்களுக்கும் உரிய சிலிக்கோனே செலுத்தப்படுகிறது. ஆனால் மருத்துவத் தரத் திரவமாயினும் இந்த ஆபத்து நீங்காது. உடலை வடிவமைக்க ஊசி வழிச் சிலிக்கோன் வேண்டாம் என்று அமெரிக்க நிர்வாகம் 2017 நவம்பரில் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது.

திருநங்கையருக்கென 2008இல் நாட்டிலேயே முதன்முதலாக நலவாரியம் அமைத்த மாநிலம் தமிழ்நாடு. சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அவர்களுக்கான பாலின வழிகாட்டு மருத்துவப் பிரிவு செயல்படுகிறது. 2018 அறிவிப்பின்போது பேசப்பட்ட "ஆபத்தான வழிகள்" எவை என்பதற்கு இந்த ஊசியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஏற்கெனவே செலுத்திக்கொண்டவர்கள் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்மையை அறிந்தால்தான் சரியான சிகிச்சை தர இயலும்.

கண்ணுக்குள் சிலிக்கோன் எண்ணெய்

திரவச் சிலிக்கோன் மருத்துவத்தில் முறையாகப் பயன்படும் இடம் கண். விழித்திரை விலகியவர்களுக்கு அறுவைக்குப் பின் அதை அதன் இடத்தில் தாங்கிப் பிடிக்கக் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் நிரப்பப்படுகிறது. மூடிய அறையாகிய கண்ணுக்குள் அது எல்லைக்குள் நிற்கிறது.

எண்ணெய் நீரைவிட இலேசானது. எப்போதும் மேல்நோக்கி மிதக்கும். குப்புறப் படுக்கவோ ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கவோ மருத்துவர் சொல்வது, ஓட்டை உள்ள இடத்தில் எண்ணெய் அழுத்தி நிற்பதற்காகவே. வலி இல்லை என்பதற்காக அதைக் கைவிடக் கூடாது.

பெரும்பாலோருக்கு 3 முதல் 6 மாதங்களில் எண்ணெய் அகற்றப்படும். நீண்டகாலம் விட்டால் அது சிறு துளிகளாகச் சிதறி, கண்ணின் நீர் வடியும் பாதையை அடைத்து, கண் அழுத்தத்தை உயர்த்திப் பார்வையை நிரந்தரமாகப் பறிக்கலாம். கண்புரையும் விரைந்து வரும். "பார்வை வந்துவிட்டது, இனி எதற்கு இன்னோர் அறுவை" என்று வராமல் நின்றுவிடுவதே பெரும் ஆபத்து. எண்ணெய் அகற்றும் தேதியைக் குடும்பத்தினர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் மண்டலக் கண் மருத்துவ நிலையம் இத்தகைய சிகிச்சைக்கு நீங்கள் அணுகக்கூடிய அரசு நிறுவனம்.

வீட்டில் குழாயுடன் இருப்பவர்களுக்கு

2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் கீழ் படுக்கையிலுள்ள நோயாளிகளுக்கு வலி நிவாரணப் பராமரிப்பும், வயிற்றுவழிச் சுத்திகரிப்புக்கான திரவப் பைகளும் வீட்டிற்கே வருகின்றன. வயிற்றுவழிக் குழாய் சிலிக்கோனால் ஆனது. சிறுநீர்க் குழாயில் மூன்று வகைகள் உண்டு: இரப்பர்ப் பால் குழாய், அதன்மேல் சிலிக்கோன் பூசிய குழாய், முழுவதும் சிலிக்கோனால் ஆன குழாய். உறையில் "சிலிக்கோன்" என்று இருப்பதாலேயே அது முழுச் சிலிக்கோன் ஆகிவிடாது. பொதுவாகப் பூச்சுக் குழாயை ஏறத்தாழ 4 வாரங்களுக்கும், முழுச் சிலிக்கோன் குழாயை அதிகபட்சம் 12 வாரங்களுக்கும் வைக்கலாம். உங்கள் குழாய்க்கு உரிய நாளைச் செவிலியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரப்பர்ப் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முழுச் சிலிக்கோன் குழாயே ஏற்றது.

முன்பு குறிப்பிட்டதுபோல், சிலிக்கோன் வழியாக நீராவி ஊடுருவும். ஆகவே நாளடைவில் பலூனிலுள்ள நீர் குறைந்து குழாய் நழுவக்கூடும். பலூனில் நீர் ஏற்றுவதையும் இறக்குவதையும் பயிற்சி பெற்ற செவிலியரே செய்ய வேண்டும். சிலிக்கோன் குழாய் தொற்றைத் தடுக்கும் கவசம் அன்று என்பதையும் மறக்கக் கூடாது. கை கழுவுதலும், சிறுநீர்ப் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே வைத்தலும் எல்லாக் குழாய்களுக்கும் பொருந்தும்.

அழகுப்பொருள் பற்றிய செய்திகள்

முகப்பூச்சு, தலைமுடிப் பூச்சு ஆகியவற்றிலுள்ள டி4, டி5, டி6 என்னும் வளையச் சிலாக்சேன்களை ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்துகிறது. உடலில் பூசி விட்டுவிடும் அழகுப்பொருள்களில் இவற்றின் அளவு 2027 ஜூன் 6க்குப் பின் 0.1 விழுக்காட்டைத் தொடக் கூடாது. இவை சுற்றுச்சூழலில் நெடுங்காலம் தங்கி உயிரினங்களில் சேர்வதே முதன்மைக் காரணம். உங்கள் உடலிலுள்ள குழாயையோ உள்வைப்பையோ அகற்ற வேண்டும் என்பது இச்செய்தியின் பொருள் அன்று.

ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன் கேளுங்கள்

1. இது எந்த வடிவம்: குழாயா, கூழா, எண்ணெயா?
2. தயாரித்த நிறுவனம் எது? தொகுதி எண் என்ன? அந்த ஒட்டுச்சீட்டு எனக்குத் தரப்படுமா?
3. எவ்வளவு காலம் உடலில் இருக்கலாம்? எப்போது அகற்ற அல்லது மாற்ற வேண்டும்?
4. எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்?
5. மாற்றுச் சிகிச்சை உண்டா? செலவு காப்பீட்டுத் திட்டத்தில் அடங்குமா?

இரண்டாம் கேள்வியைச் சிறியதாக எண்ண வேண்டாம். 2019இல் உள்வைப்புகள் திரும்பப் பெறப்பட்டபோது, தம் உடலில் இருப்பது எந்த வகை என்பதை அறிய அந்த ஒட்டுச்சீட்டே தேவைப்பட்டது. வெளிநோயாளர் சீட்டுடன் சேர்த்து அதைப் பாதுகாத்து வையுங்கள். கைபேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டியவை: ஊசிக்குப் பின் மூச்சுத்திணறல், மார்பு வலி, கை கால் செயலிழப்பு, எண்ணெய் நிரப்பிய கண்ணில் வலி, சிவப்பு, வாந்தியுடன் தலைவலி, பார்வை குறைதல், குழாய் அடைத்துச் சிறுநீர் வராமை, குளிர் காய்ச்சல், உள்வைப்பு உள்ள மார்பகத்தில் புதிய வீக்கம், சிவப்பு, கட்டி, வயிற்றுவழிக் குழாய் உள்ளவருக்கு வயிற்று வலி அல்லது கலங்கிய திரவம்.

மருத்துவச் சாதனங்களால் நேரும் தீங்குகளைக் கண்காணிக்க 2015 ஜூலை முதல் இந்திய மருந்துக்கோவை ஆணையத்தின் கீழ் தேசியத் திட்டம் ஒன்று இயங்குகிறது. மருத்துவர்கள் மட்டுமன்றி நோயாளிகளும் குடும்பத்தினரும் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட விவரங்களுக்கு 1800 425 3993 ஆகிய எண்களை அழைக்கலாம்.